ஈயம் காய்ச்சிய அடுப்பு

1986 செப்டம்பர் 20, சனி

விடியத் தொடங்கிய தூறல், மத்தியானம் வரை விடவில்லை. இன்று லீவு. மேலறையில் வாடகைக்கு இருக்கிற பாலன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். ஈயம் உருக்க வசதியான நாள்.

சாமான்: அக்கா விட்டுப்போன சின்ன இரும்புத் தாச்சி. நீட்டுப் பிடிக் கரண்டி. டயர் கடைக்காரர் தந்த ஈயத்துண்டுகள், ஒரு பிஸ்கட் தகரம் நிறைய (கார்ச் சில்லு ஆடாமல் விளிம்பில் பொருத்துவார்களே, அவை). கிளப்பில் டெரிக் இரவல் தந்த அச்சு. தோல் கையுறை. மடித்த துவாய். யன்னல் இரண்டும் திறந்தபடி.

அச்சு, பார்ப்பதற்குப் பாக்குவெட்டி மாதிரி. இரண்டு கைபிடி, வாயில் இரண்டு குழி. குழிக்குள் ஈயத்தை ஊற்றி ஆறவிட்டுத் திறந்தால் சன்னம், துப்பாக்கிக்குண்டுதான், விழும். சன்னம் வார்க்கிற புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எனக்கு விழுந்தவை எல்லாம் தோல் சுருங்கிய கிழவன்கள். இரண்டு மூன்றுக்கு மூக்கே இல்லை. அச்சு நன்றாகச் சூடேறும் வரை அப்படித்தான் வரும் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறது. முன்பே பக்கத்தைத் திருப்பியிருக்கலாம்.

எல்லாவற்றையும் திரும்பத் தாச்சிக்குள் போட்டேன். ஈயத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். பிழையாகப் போனதைத் திரும்ப உருக்கலாம்.

ஏன் இந்த வேலை என்று எனக்கே எழுதி வைக்கிறேன். நான் போகிற துவக்குச் சுடும் கிளப்பில் ஒரு வட்ட மேசை இருக்கிறது. தங்கள் சன்னத்தைத் தாங்களே வார்க்கிற ஆட்கள் அதில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி அதைப் பற்றியே கதைப்பார்கள். அச்சு, சூடு, கசடு, மெழுகு. மூன்று வருடமாகக் கடைச்சன்னம் சுடுகிற நான் சுவரோரக் கதிரையில். அந்த மேசையில் எனக்கும் ஓர் இடம் வேண்டும். வேறு காரணம் இல்லை.

செப். 21, ஞாயிறு

மப்பு வானம். மழை இல்லை. கிளப். ரயில்பாதைக்குக் கீழே ஒரு வளைவுக்குள் இருக்கிறது. மேலே ரயில் போனால் கடதாசி இலக்கு எல்லாம் ஆடும். துவக்குகள் அங்கேயே இரும்பு அலுமாரியில். வீட்டுக்கு நான் கொண்டுவருவதில்லை, விருப்பமும் இல்லை.

எப்படிப் போனது என்று டெ. கேட்டார். (டெரிக். அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, இரண்டு பூனை.) மூக்கில்லாத கிழவன்கள் பிறந்தார்கள் என்று சொன்னேன். மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவர் கதிரையை இழுத்து விட்டார். இருந்தேன். சபாநாதன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் வராது. அங்கே நான் நேதன்.

ஒரு மணிக்கெல்லாம் எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். டெரிக்கும் பூனைகளிடம். நான் பஸ் தரிப்பில்.

வீட்டுக்கு வர, பாலன் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு வெண்டனீங்களோ அண்ணை, தோத்தனீங்களோ?"

கிளப் என்றால் சீட்டு விளையாடுகிற இடம் என்று நினைத்திருக்கிறார். வந்த நாளில் இருந்து அப்படித்தான். "தோத்தன்" என்றேன். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த வருடம்தான் சண்டை நடக்கிற ஊரில் இருந்து வந்த ஆளிடம் துவக்கு என்ற சொல்லை ஏன் எடுக்கவேண்டும். அதோடு, எங்கள் ஆட்களிடம் ஒரு கதை கொடுத்தால் பின்னேரம் பக்கத்து ஊர் பார்க்கிங்கில் நிற்கும், இரவு டொரன்டோவில் அக்கா காதில் விழும்.

செப். 24, புதன்

குளிர் தொடங்கிவிட்டது. தபால் பிரிக்கிற இடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டோடு நின்று பிரித்தோம்.

பாலனைப் பற்றி இதுவரை ஒன்றும் எழுதவில்லை. வயது முப்பத்து மூன்று. மானிப்பாயில் புத்தகக்கடை வைத்திருந்தவர். இங்கே லண்டனில், பார்க்கிங் என்கிற இடத்தில், ஒரு பெற்றோல் செட்டில் காசாளர். ஆடி மாதம் மேலறைக்கு வந்தார். மனைவி மலர் போன வருடம் இறந்துபோனார். "ஆசுப்பத்திரியிலை மோசம் போயிட்டா" என்று முதல் நாள் சொன்னார். நான் 'ச்' என்று தலையை ஆட்டினேன். காய்ச்சலோ, வயிற்றுக்குள் ஏதாவதோ. அதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை.

வைகாசியில் அக்கா குடும்பம் கனடா போன பிறகு இந்த வீட்டில் நான் ரேடியோவை நிற்பாட்டியது கிடையாது. நித்திரைக்கும் அது வேண்டும். பாலன் வந்த பிறகு நிற்பாட்டினேன். மேலே ஒரு மனிதர் இருமுகிறார், பைப்பைத் திறக்கிறார், படியில் இறங்குகிறார். அது போதுமாக இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்பத்தேழு வயதில் இதை எழுத.

செப். 27, சனி

வெயில், ஆனால் காற்று வெட்டுகிறது. இரண்டாம் முறை.

எங்கள் வீட்டுப் பழக்கம், எதை எடுத்தாலும் முதலில் ஒரு தண்ணி விடுவது. கரண்டியைக் கழுவினேன். துடைக்காமல் உருகிய ஈயத்துக்குள் விட்டேன். டப் என்று ஒரு சத்தம். ஈயம் முகட்டில், சுவரில், என் இடது கையில் மூன்று இடத்தில். கண் தப்பியது கடவுள் செயல். ஈரம் ஆகாது என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டதை நான் எப்போதாவது கவனித்திருக்கிறேனா.

மத்தியானம் பாலன் வந்து கையைப் பார்த்தார்.

"என்ன அண்ணை இது?"

"அப்பளம் பொரிச்சனான். எண்ணெய் தெறிச்சிட்டுது."

"அப்பளம் எங்கை?"

"சாப்பிட்டிட்டன்."

"முழுக்கவோ?"

சிரித்தார். பாலன் சிரித்து நான் பார்த்தது குறைவு. சிரித்துக்கொண்டே மேலே போய் மருந்து எடுத்துவந்து பூசிவிட்டார். என் கையை மற்றொரு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது எத்தனை காலத்துக்குப் பிறகு என்று யோசித்தேன். யோசனை பிடிக்காமல் விட்டேன்.

பூசி முடிந்தும் எழும்பவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். ஓமெண்டு சொல்லவேணும் எண்டு இல்லை."

"கேளும்."

"மலரின்ரை ஆட்டைத்திவசம் வருது. ஒரு வருசம் முடியுது. டூட்டிங்கிலை மச்சான் வீட்டிலை செய்யலாம், ஆனா அது சின்னப் பிளாட், திரும்ப இடம் இல்லை. இஞ்சை பெரிய குசினி. அவவுக்குப் பிடிச்சதை நானே சமைச்சுப் படைக்கலாம் எண்டு நினைச்சன்."

நான் ஓம் என்று சொன்ன வேகத்தில் அவரே கொஞ்சம் திகைத்துப் போனார்.

செப். 30, செவ்வாய்

மழை. வேலையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், என் வீட்டில் ஒரு காரியம், ஆட்கள் வருகிறார்கள் என்று. என்ன காரியம் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. பார்ட்டியா என்றார்கள். இல்லை என்றேன். ஆனால் முகம் பார்ட்டிக்காரன் முகமாக இருந்திருக்கும்.

ஐயரிடம் கேட்டாயிற்று. அக்டோபர் 25, சனி. பாலன் தன் மச்சான் குகன் குடும்பம், பெற்றோல் செட்டில் கூட வேலை செய்கிற இரண்டு பேர், ஐயர் மட்டும் என்கிறார். அக்காவின் பழைய சிநேகிதிகள் சிலருக்கும் சொல்லலாமா என்று கேட்டேன். "உங்கடை வீடு அண்ணை, சொல்லுங்கோ" என்றார்.

செய்ய வேண்டியது:
முன்னறைச் சோபாவைத் தூக்கிப் பின்னுக்கு வைக்க.
கார்பெட் கழுவ.
வாழையிலை டூட்டிங்கில், குகன் பொறுப்பு.
பெரிய பானை யாரிடமாவது இரவல்.
காகம்? எங்கள் பின்வளவில் காகத்தைக் கண்டதாக நினைவில்லை. புறாதான். பார்க்க.

வீட்டில் சாவு வந்த மாதிரி இல்லாமல் கலியாணம் வந்த மாதிரி ஓடித் திரிகிறேன். மலர் மன்னிக்கவேண்டும்.

அக். 4, சனி

பனிமூட்டம். பின்வளவு வேலி தெரியவில்லை. பாலன் மத்தியானம் வரை வேலை.

இன்று வந்தது. அப்படியே வந்தது.

மெழுகுதிரிச் சுவாலையில் அச்சின் உட்பக்கத்துக்குக் கரி பிடிக்கவிட்டேன். அச்சைத் தாச்சி விளிம்பில் வைத்துச் சூடாக்கினேன். ஈயத்துக்குள் மெழுகுத் துண்டு போட்டுக் கிளறக் கசடெல்லாம் மேலே வந்தது, வழித்து எறிந்தேன். ஊற்றி, எண்ணாமல், அவசரப்படாமல், மேலே ஈயத்தின் முகம் மங்கும் வரை பார்த்திருந்து திறந்தேன். இரண்டும் துவாயில் விழுந்தன. சுருக்கம் இல்லை. மூக்கு இருக்கிறது. விளிம்பு கூர். வெள்ளியில் செய்த மாதிரி ஒரு மினுக்கம்.

அதற்குப் பிறகு நிறுத்த மனம் வரவில்லை. ஊற்று, பொறு, திற. ஊற்று, பொறு, திற. வேறு ஒரு நினைவும் இல்லை. இவ்வளவு வடிவான ஒரு பொருளை என் கையால் செய்தது இதுதான் முதல் தடவை. படிக்க வந்த கணக்கியலை முடிக்கவில்லை. கலியாணம் கட்டவில்லை. இதைச் செய்திருக்கிறேன். தோட்டாவுக்குள் ஏற்றுகிற வேலையெல்லாம் டெரிக்கின் பட்டறையில், அது எனக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் தகரத்தில் போட்டுப் படிக்குக் கீழே ஒளித்தேன். அடுப்பைத் துடைத்தேன். பின்னேரம் பாலன் அதே அடுப்பில் தோசை சுட்டார். ஆறு சாப்பிட்டேன். "இண்டைக்கு அண்ணைக்கு நல்ல பசி" என்றார்.

அக். 9, வியாழன்

அக்கா டொரன்டோவில் இருந்து போன் எடுத்தா. பாதி நேரம் அங்கத்தைய குளிர். மீதி நேரம் நான் மெலிந்துவிட்டேனா என்ற விசாரணை.

"சரஸ்வதி பூசையை விட்டிடாதை, என்ன? நான் இல்லையெண்டு சுவாமித்தட்டைத் தூசி பிடிக்க விட்டிடுவாய். சனிக்கிழமைதான் ஆயுத பூசை. உன்ரை ஆயுதத்தைக் கழுவித் துடைச்சு வை."

"என்ரை ஆயுதம் எது?"

"எனக்கென்ன தெரியும். நீ என்ன செய்யிறியோ அது."

அக்கா இருந்தால் தன் தையல் மெசினைத் துடைத்துப் பொட்டு வைப்பா. பிள்ளைகளின் புத்தகங்கள், அத்தானின் டிரில் மெசின். நான் அவலும் கடலையும் சாப்பிடுகிற ஆள். இந்த வருடம் நானே செய்யவேண்டும்.

பாலனிடம் சொன்னேன். தனக்கு வருடம் முடியவில்லை, பூசையில் நிற்கக்கூடாது, சனிக்கிழமை பின்னேரம் வரை வேலைதான், என்னைச் செய்யச் சொன்னார்.

அக். 11, சனி

வெயில். இந்த மாதத்துக்கு அதிசயமான வெயில். குளித்து, குசினி மூலையில் இருக்கிற சுவாமித்தட்டைத் துடைத்து, படத்துக்குப் பொட்டு வைத்து, அவல், கடலை, வாழைப்பழம்.

என் ஆயுதம் எது என்று யோசித்தேன். தபால் பிரிக்க இரண்டு கைதான். பேனையை வைக்கலாம், ஆனால் இந்தக் கொப்பியைத் தவிர வேறெதுக்கும் நான் பேனை பிடிப்பதில்லை. கையால் செய்ய எனக்கு வருவது இப்போது ஒன்றுதான். அச்சைத் துடைத்து வைத்தேன். கரண்டியை வைத்தேன். ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை போட்டு, அதன்மேல் நல்ல சன்னங்களாகத் தெரிந்தெடுத்து வட்டமாக நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. நன்றாக இருந்தது. தேவாரம் ஒன்று பாடினேன். குரல் உடைந்தாலும் கேட்க ஆள் இல்லை.

கற்பூரம் காட்டும்போது பின்கதவு திறந்தது. பாலன். வேலையுடுப்போடு. கையில் மஞ்சள் பூங்கொத்து, பெற்றோல் செட்டில் வாளிக்குள் விற்கிற பூ. கூட வேலை செய்கிறவரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் உள்ளுக்கு வரேல்லை அண்ணை. பூ இல்லாமல் பூசை செய்யப்போறியளே எண்டுதான். தந்திட்டு மேலை போறன்."

பூவை நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் பார்வை தட்டுக்குப் போனது. பூவை அவர் விடவில்லை.

"இது என்ன அண்ணை?"

"சன்னம். கிளப்பிலை சுடுறது. சீட்டு இல்லை, அது துவக்குக் கிளப். கடதாசிக்குத்தான் சுடுறது. நானே வார்த்தனான்."

கடைசிச் சொல்லைப் பெருமையாகவே சொன்னேன். அது இப்போதும் காதில் நிற்கிறது.

"எங்கை வார்த்தனீங்கள்?"

"இஞ்சைதான்."

அடுப்பைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து ஒன்றை எடுத்தார். சந்தனம் விரலில் பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்த இடத்தில், பொட்டு முன்னுக்குத் தெரியும்படி நேராக வைத்தார். பைப்பைத் திறந்து கை கழுவினார். கன நேரம் கழுவினார். பூவை மேசையில் வைத்துவிட்டு மேலே போனார்.

அவல் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். "பிறகு சாப்பிடுறன் அண்ணை." தட்டை வாசலில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அக். 12, ஞாயிறு

வெயில் போய்விட்டது. பாலன் கதவு சாத்தியபடி. நான் கிளப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், வீட்டில் இருக்க ஏலாமல் போனேன்.

டெ. என் சன்னங்களைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மேசை முழுக்கச் சுற்ற விட்டார். புத்தகத்தில் போடலாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் சந்தோசமாக இருந்தது. அரை மணி நேரம் பாலன் நினைவே இல்லை. பிறகு டெரிக்கிடம் மெல்லச் சொன்னேன், வீட்டில் இருக்கிற ஆளுக்கு இது பிடிக்கவில்லைப் போல என்று. அப்படியானால் வேறு ஆளை எடு, லண்டனில் அறை தேடுகிறவர்களுக்கா பஞ்சம் என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வர, முன்னறையில் பாலன். கோட்டுப் போட்டபடி. பக்கத்தில் சூட்கேஸ்.

"குகன் வானோடை வாறான். உங்களைக் கண்டு சொல்லிப்போட்டுப் போகவேணும் எண்டு இருந்தனான்."

"கோவமோ?"

"இல்லை அண்ணை."

இருந்தேன். அவரே சொன்னார். குரல் ஏறவில்லை. கடைக் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"மலர் சந்தைக்குப் போனவ. சந்தியிலை சூடு நடந்திருக்கு. அவ ஒண்டுக்கும் போகேல்லை, வீட்டை வந்துகொண்டிருந்தவ. ஆசுப்பத்திரியிலை டொக்டர் எடுத்துக் காட்டினவர். ஒரு பக்கம் நசிஞ்சு, கிழிஞ்சு, கறுப்பா ஒரு துண்டு. நசியிறதுக்கு முதல் அது இப்பிடி வடிவா இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

வாயில் வந்தது பிழையாக வந்தது.

"ஆசுப்பத்திரியிலை எண்டுதானே சொன்னீர்."

"ஆசுப்பத்திரியிலைதான் செத்தவ. என்ன நடந்தது எண்டு நீங்கள் கேக்கேல்லை."

வான் ஹோர்ன் அடித்தது. எழும்பினார்.

"திவசம்?"

"அங்கை செய்யிறன்."

"இடம் காணாது எண்டீரே."

"காணப்பண்ணலாம்." பிறகு, கதவில் கை வைத்தபடி, "ஈயம் காய்ச்சின அடுப்பிலை அவவுக்குச் சோறு வைக்க ஏலாது அண்ணை."

சூட்கேசை நான் தூக்கப்போனேன். விடவில்லை.

அக். 14, செவ்வாய்

காற்று. தபால் இடத்தில் யாரோடும் கதைக்கவில்லை.

கோபம் வருகிறது. இது என் வீடு. என் அடுப்பு. தனித் தாச்சி, தனிக் கரண்டி. சட்டப்படி எல்லாம் சரி, பொலிஸ் வந்து பார்த்துப் பத்திரம் தந்திருக்கிறது. கடதாசியைத் தவிர நான் எதைச் சுட்டிருக்கிறேன். ஊரில் நடந்ததற்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற நான் என்ன செய்ய. அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா.

நான் கேட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்து இரண்டு மாதம் சாப்பிட்டோம். என்ன நோய் வந்தது அவவுக்கு என்று ஒரு சொல். மரியாதை என்று நினைத்தேன். இல்லை, சோம்பல். அவர் கதையைக் கேட்டால் அவர் துக்கத்தோடு இருக்கவேண்டும். எனக்குப் படியில் இறங்குகிற சத்தம் மட்டும் போதுமாக இருந்தது.

ரேடியோ போட்டேன்.

அக். 18, சனி

மழை விட்டு விட்டு. கிளப்புக்குப் போவதாக இல்லை என்று டெரிக்குக்குப் போன் எடுத்துச் சொன்னேன். காய்ச்சலா என்றார். ஓம் என்றேன். அச்சைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, அவசரமில்லை என்றார். கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் கொடுத்தேன். உள்ளே வா என்றார், போகவில்லை.

சன்னம், ஈயம், தாச்சி, கரண்டி எல்லாவற்றையும் கவுன்சில் குப்பைக் கிடங்கில் ஒப்படைத்தேன். எடுத்துக்கொண்டு போகும்போது பை அறுந்து ரோட்டில் உருண்டன. ஒரு வெள்ளைக்காரக் கிழவி குனிந்து பொறுக்கித் தந்துவிட்டு, தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயம் என்று நினைத்து, மீன்பிடிக்கப் போகிறாயா என்று கேட்டா. ஓம் என்றேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஓம்.

பிறகு அடுப்பு. நெருப்பு எரிகிற வளையங்களைக் கழற்றி ஊறவைத்து, கம்பிப் பஞ்சால் தேய்த்து, சுவர் தேய்த்து, கதிரையில் ஏறி முகட்டில் ஒட்டியிருந்த ஈயப் பொட்டுகளைக் கத்தியால் சுரண்டினேன். கழுத்துப் பிடித்துவிட்டது. அடுப்பு, வாங்கிய நாள் மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தேன்.

அக். 21, செவ்வாய்

டூட்டிங்குக்குப் போன் எடுத்தேன். குகனின் மனைவி ராணி எடுத்தா.

"பாலண்ணை வேலைக்குப் போட்டார். என்ன சொல்ல?"

"அடுப்பு கழுவியாச்சு எண்டு சொல்லுங்கோ."

"என்ன கழுவியாச்சு?"

"ஒண்டுமில்லை. நான் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

அவர் திருப்பி எடுக்கவில்லை. சனிக்கிழமைத் திவசத்துக்கு எனக்குச் சொல்லவும் இல்லை. சொல்லாத திவசத்துக்கு நாங்கள் போவதில்லை. ஆனால் முதலில் என் வீட்டில் செய்வதாக அல்லவா இருந்தது. அப்படிப் பார்த்தால் எனக்குச் சொன்னதாகத்தானே கணக்கு. இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு பஸ்ஸில் என் தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக். 25, சனி

நல்ல குளிர், வானம் வெளி. போனேன்.

நோர்தேர்ண் லைன் ரயிலில் வழி முழுக்க, திரும்பிப் போகலாம் திரும்பிப் போகலாம் என்று ஒரு குரல். அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். மூன்றாம் மாடி. வாசல் முழுக்கச் சப்பாத்து. என்னுடையதைக் கழற்றி மற்றவற்றில் இருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

குகன் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்தார். பாலன் வந்தார். வேட்டி, தோளில் துண்டு. முகம் மழித்து, மெலிந்து.

"வாங்கோ அண்ணை."

அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரோரம் இருந்தேன்.

மலரின் படம் அப்போதுதான் பார்த்தேன். ஏதோ கலியாண வீட்டில் எடுத்தது, பாதிச் சிரிப்பு. இவ்வளவு இளம் ஆள் என்று நினைக்கவில்லை. இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் படத்தைக் காட்டச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐயர் முடித்த பிறகு காகத்துக்கு வைத்தார்கள். பல்கனியில் ஒரு பிடி சோறு. காகம் வரவில்லை. புறாக்கள் வந்தன. ராணி துவாயால் புறாவைக் கலைக்க, அவை திரும்ப வர, குகன் கா கா என்று கூப்பிட, கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். பாலன் சொன்னார்: "விடு ராணி, சாப்பிடட்டும். அதுக்கும் பசிதானே." அங்கே அழுத ஒரே ஆள் நான். நல்லவேளை, எல்லோரும் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தி. நிலத்தில் இருந்தோம், முழங்கால் முட்ட. பாலனே பரிமாறினார். எல்லாம் அவர் சமைத்ததாம், விடிய எழும்பி அந்தச் சின்ன அடுப்பில். கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். என் இலைக்கு வந்து குனிந்தார்.

"சோறு போடட்டோ அண்ணை?"

"ஓம்."

"இன்னும் கொஞ்சம்?"

"ஓம்."

கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன்.

"எல்லாத்தையும் எறிஞ்சிட்டன் பாலன். கிளப்புக்கும் போகேல்லை. அடுப்பு, சுவர், முகடு, எல்லாம் கழுவிப்போட்டன்."

"ராணி சொன்னவ. விளங்கேல்லை எண்டவ, எனக்கு விளங்கினது." துண்டால் கை துடைத்தார். "எனக்காக எறிஞ்சிருக்கத் தேவையில்லை. உங்களுக்கு அங்கை நாலு சினேகிதர் இருந்தவை."

"வாறீரோ திரும்பி? அறை அப்பிடியே கிடக்கு."

யோசிக்கவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்திருக்கிறார்.

"ஏலாது அண்ணை. உங்களிலை ஒண்டுமில்லை. அந்தக் குசினிக்குள்ளை வந்தா நான் பார்ப்பன். நீங்கள் எவ்வளவு கழுவினாலும் நான் பார்ப்பன். அறையை வேறை ஆருக்கும் குடுங்கோ. தனிய இருக்காதேங்கோ."

வெளிக்கிடும்போது படியில் பின்னால் ஓடி வந்தார். கையில் ஒரு பார்சல். இலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி.

"இரவைக்கு வைச்சுச் சாப்பிடுங்கோ. நீங்கள் சமைக்கமாட்டியள், எனக்குத் தெரியும்."

ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மடி கொஞ்ச நேரம் சூடாக இருந்தது, பாங்க் ஸ்டேஷனில் மாறுவதற்குள் ஆறிவிட்டது.

வீடு. சப்பாத்தைக் கழற்றி, லைட்டைப் போட்டு, பார்சலைப் பிரித்தேன். சோறு இறுகிப் போயிருந்தது. சட்டியில் கொட்டி அடுப்பில் வைத்தேன். நெருப்புப்பெட்டியும் எடுத்தேன். பிறகு பற்றவைக்கவில்லை. சட்டியை இறக்கி, சோற்றைத் திரும்ப இலைக்கு மாற்றி, முன்னறைக்குக் கொண்டுபோய், நிலத்தில் இருந்து அப்படியே குளிராகச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க்கு உப்பு அளவாக இருந்தது.